கண்டாச்சிபுரம் வீடும் கல்லூரி விடுதியும்: சுற்றுச்சூழல் காக்க எங்கே தொடங்குவது?

கண்டாச்சிபுரம், முகையூர் பக்கத்துப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்காக விழுப்புரம், திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பஸ் ஏறுகிறார்கள். சிலர் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். தமிழோ, கணிதமோ, வணிகவியலோ, எதை எடுத்துப் படித்தாலும் எல்லோரும் எழுதியாக வேண்டிய தாள் ஒன்று உண்டு: சுற்றுச்சூழல் கல்வி. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் தந்த தீர்ப்பிலிருந்து வந்தது அது. பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது.

தாளில் படித்ததைப் படிக்கும் வளாகத்திலும் வாழும் வீட்டிலும் எப்படி நடைமுறைப்படுத்துவது? செய்யச் சொல்லும் வேலைகளின் பட்டியல் நீளமானது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிப் பத்தாம் நாள் கைவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறது: எது அதிகமாகச் செலவாகிறதோ, எது அதிகமாக வீணாகிறதோ, அதில் முதலில் கை வைக்க வேண்டும். கல்லூரியில் அது பெரும்பாலும் நிர்வாகம் எடுக்க வேண்டிய சில முடிவுகளாக இருக்கும். வீட்டில் அது தினசரிப் பழக்கங்களாக இருக்கும். இரண்டுக்கும் வழி வேறு, கணக்கு ஒன்றுதான்.

முதலில் ஒரு மாதக் கணக்கு

எங்கே அதிகம் போகிறது என்று தெரியாமல் குறைக்க முடியாது. தண்ணீர், மின்சாரம், மீந்த உணவு, குப்பை ஆகிய நான்குக்கும் ஒரு மாதம் கணக்கு எழுதினால் போதும்.

தண்ணீருக்கு மீட்டர் தேவையில்லை. மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை முறை நிரம்புகிறது என்று சுவரில் மாட்டிய நோட்டில் குறித்தாலே கணக்கு வந்துவிடும். மின்சாரத்துக்கு இ.பி. ரசீது இருக்கிறது. மீந்த உணவுக்கு, கை கழுவும் இடத்தில் உள்ள எச்சில் வாளியைத் தினமும் தராசில் வைத்து எடையை எழுத வேண்டும். குப்பைக்கு, ஏதாவது ஒரு நாள் சேர்ந்ததைச் சாக்கு விரித்துக் கொட்டி, மக்குவது எவ்வளவு, மக்காதது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு பசுமைத் தணிக்கை, ஆற்றல் தணிக்கை பற்றிக் கேட்கிறது. அதற்காக வெளியிலிருந்து ஆள் வந்து அறிக்கை எழுதித் தருவதோடு நின்றுவிடாமல், மேற்சொன்ன கணக்கைச் சுற்றுச்சூழல் தாள் படிக்கும் மாணவர்களே எடுத்தால் பாடமும் வேலையும் ஒன்றாகும். அதே மாணவர் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது வீட்டிலும் ஒரு வாரக் கணக்கு எடுக்கலாம்.

தண்ணீர்: விழுந்த இடத்திலேயே நிறுத்துங்கள்

கண்டாச்சிபுரம் பாறை மிகுந்த பகுதி. சுற்றிலும் குன்றும் கரும்பாறையுமாகக் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும். இத்தகைய நிலத்தில் நிலத்தடி நீர் என்பது மேலே இருக்கும் சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே இருக்கும் வெடிப்புகளிலும் தங்கும் நீர்தான். மணற்பாங்கான ஊர்களைப்போல ஆழத்தில் அகன்று பரந்த நீர்த்தேக்கம் இருக்காது. பக்கத்துக் கொல்லையில் போர் போட்டால் நம் கிணறு வற்றுவதும், ஒரு போரில் தண்ணீர் பீறிட, பத்தடி தள்ளிப் போட்டதில் புகை வருவதும் இதனால்தான். மழைநீர் உள்ளே இறங்கினால்தான் எடுக்கத் தண்ணீர் இருக்கும்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அளவு குறைவில்லை, ஆனால் அது சீராக வருவதில்லை. 2024 நவம்பர் 30, டிசம்பர் 1 தேதிகளில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. ஆண்டு மழையில் பாதி ஒரே நாளில். அப்படி வரும் நீரைப் பிடித்து வைக்க ஏரி, குளம், கிணறு, நீர் உறிஞ்சும் குழி எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் என்றால் 93,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக 80 சதவீதம் கிடைத்தாலும் 74,000 லிட்டர். 20,000 சதுர அடி கூரையுள்ள ஒரு கல்லூரிக் கட்டடத்துக்கு இது கிட்டத்தட்ட 15 லட்சம் லிட்டர்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க 2003இல் சட்டம் வந்தது. அன்று பொருத்திய குழாய்கள் பல இடங்களில் உடைந்தும் அடைத்தும் கிடக்கின்றன. புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம், இருப்பதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் சேர்ந்த சருகை அள்ளி, வடிகட்டும் குழியில் உள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவித் திரும்பப் போட வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து கிணற்றுக்கோ தொட்டிக்கோ திருப்ப வேண்டும். ஒரு எச்சரிக்கை: குளியலறை நீரையோ தெருவில் ஓடும் நீரையோ நேராகப் போர்க்குழியில் விடக் கூடாது. கெட்டது உள்ளே போனால் ஊர் மொத்தத்துக்கும் கெடுதல், திரும்ப எடுக்கவும் முடியாது.

அடுத்தது பயன்படுத்திய நீர். நகரங்களுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். 300 பேர் தங்கும் விடுதிக்கு 135 லிட்டர் வீதம் 40,500 லிட்டர். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும். கழிப்பறை நீரைத் தனியாகப் பிரித்துவிட்டால், குளிக்கவும் துணி துவைக்கவும் பயன்பட்ட நீரை வடிகட்டி மரங்களுக்கு விடலாம், கழிப்பறைத் தொட்டிகளுக்கு ஏற்றலாம். இது நிர்வாகம் குழாய்களைத் தனித்தனியாகப் போட்டால்தான் நடக்கும். புதுக் கட்டடத்துக்கு வரைபடம் போடும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

வீட்டில் இது இன்னும் எளிது. பாத்திரம் துலக்கும் நீர் ஓடும் வழியில் வாழை, சேம்பு, கல்வாழை நட்டால் அவை உறிஞ்சிக்கொள்ளும். இடம் இல்லாத வீட்டில் ஓர் உறிஞ்சு குழி போதும். நீர் தேங்கி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நின்றால் கொசு வரும்.

கண்ணில் படாமல் போகும் நீர் ஒழுகும் குழாயில் இருக்கிறது. சொட்டும் குழாயின் கீழே ஒரு லிட்டர் பாத்திரத்தை வையுங்கள். பத்து நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 144 லிட்டர் போகிறது என்று பொருள். அது கிராமத்தில் இரண்டு பேருக்கு மேல் ஒரு நாள் முழுக்கப் போதும் நீர். ஒரு வாஷரை மாற்றினால் நின்றுவிடும். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தர இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். அந்த நீரில் உப்பு அதிகம், செடிக்குத் தினமும் ஊற்றினால் மண் கெடும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மரம் நடும் முன் கரை கட்டுங்கள்: ஆரோவில் காட்டும் வழி

கல்லூரி என்றால் ஜூன் 5 அன்று மரக்கன்று நடுவார்கள். அக்னி வெயில் அப்போதுதான் தணிந்திருக்கும், பெருமழை வர இன்னும் நான்கு மாதம் இருக்கும். நட்டவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட, கன்று காய்ந்துவிடும். மரம் வளர்க்கும் முறையைக் கற்க இந்த மாவட்டத்துக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது.

வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடி, ஓடைகளை அரித்துப் பள்ளமாக்கி, வங்கக் கடலில் சிவப்பாகப் போய்ச் சேரும். அங்கே குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து உழைப்பாளிகளும் தண்ணீர் ஓடாமல் தடுப்பதில் தொடங்கினார்கள். வயலைச் சுற்றி மண்கரை, ஓடையின் குறுக்கே தடுப்பு, தாழ்ந்த இடத்தில் குளம். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கியது. அந்த ஈரத்தில்தான் கன்றுகள் பிழைத்தன.

தொடக்கத்தில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நிழலுக்காக நட்டார்கள். அவற்றின் நிழலில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களை வளர்த்தார்கள். சோழமண்டலக் கரையோரத்தில் ஒரு காலத்தில் பரவியிருந்த, ஆண்டு முழுதும் பசுமை மாறாத வறண்ட காட்டின் மரங்கள் அவை. அந்தக் காடு வேறெங்கும் அழிந்து, பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி இன்றும் நிற்கும் காடு அவற்றுள் ஒன்று. சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்ட மக்களால்தான் வீரை, கருங்காலி போன்ற மரங்களின் விதை பிழைத்தது. அத்தகைய காடுகளில் பொறுக்கிய விதைதான் ஆரோவிலில் மீண்டும் காடானது.

கல்லூரிகளும் வீடுகளும் இதிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று. முதலில் நீர் தங்க வரப்பும் குழியும், பிறகு கன்று. நடுவது புரட்டாசிக் கடைசியில், மழைக்குச் சற்று முன். நடும் மரம் வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, வீரை என இந்த மண்ணறிந்த மரம். எத்தனை நட்டோம் என்பதை எழுதும் பலகையில், இரண்டு கோடை தாண்டி எத்தனை நிற்கின்றன என்பதையும் எழுத வேண்டும்.

மின்சாரம்: விசிறியில் தொடங்குங்கள்

நம் மின்வலையில் ஓடும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியை எரித்து வருகிறது. ஒரு யூனிட் செலவழித்தால் சராசரியாக 0.7 கிலோவுக்குக் குறையாமல் கரியமில வாயு வெளியாகிறது. எனவே மின்சாரத்தைக் குறைப்பதும் புகையைக் குறைப்பதும் ஒரே வேலை.

வீட்டிலும் விடுதியிலும் அதிக நேரம் ஓடுவது விசிறி. பழைய விசிறி 75 வாட் வரை இழுக்கும். பி.எல்.டி.சி. வகை விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம், இரண்டு மாத ரசீதில் சுமார் 32 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பதையும், அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக ஏறுவதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் பயன் புரியும். 200 விசிறி உள்ள விடுதிக்கு ஒரு நாளைக்கே 108 யூனிட் மிச்சம். மாணவர்களிடம் விசிறியை நிறுத்தச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டுவதைவிட, பழுதான விசிறியை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த வகையை மட்டுமே வாங்குவது என்று கொள்முதல் விதியில் ஒரு வரி சேர்த்தால் பலன் பெரிது. நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு என்று சொன்னது இதைத்தான்.

வீட்டில் அடுத்த செலவு மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி நிறைந்து தினமும் அரை மணி நேரம் வழிந்தால், இரண்டு மாதத்தில் 20 யூனிட்டுக்கு மேல் வீண். நீரும் வீண். தொட்டி நிறைந்ததும் தானே நிறுத்தும் கருவி ஊரிலுள்ள மின்சாதனக் கடையிலேயே கிடைக்கிறது.

அதன் பிறகு சூரிய மின்சாரம். ஒரு கிலோவாட் தகடுக்குச் சுமார் 100 சதுர அடி மாடி வேண்டும், நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும். கல்லூரிக்கு இது மிகப் பொருத்தம். வகுப்பறை, ஆய்வகம், கணினி எல்லாம் ஓடுவது பகலில், வெயில் இருப்பதும் பகலில். வீடுகளுக்கு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. இலவச யூனிட்டுக்குள்ளோ அதைச் சற்றுத் தாண்டியோ செலவாகும் சிறு வீட்டுக்கு இது அவசரமில்லை, முதலில் விசிறியும் விளக்கும் மாறட்டும்.

சோறு: வாளியை எடை போடுங்கள்

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு வீணாகும் அளவு குறித்த அறிக்கையின்படி, உலகில் கடைக்கும் உணவகத்துக்கும் வீட்டுக்கும் வந்து சேரும் உணவில் 19 சதவீதம் வீணாகிறது. இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று அது மதிப்பிடுகிறது. உலகச் சராசரியான 79 கிலோவை விட இது குறைவு. சோற்றைக் கொட்டினால் பாவம் என்று சொல்லி வளர்த்த வீடுகளுக்கு அதில் பங்கு உண்டு.

விடுதி மெஸ்ஸில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. பரிமாறுபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் ஒருவர். ஒரு மாணவர் மூன்று வேளைக்கும் சேர்த்து 100 கிராம் மட்டும் மீதம் வைக்கிறார் என்று வையுங்கள். 300 பேருக்கு நாளைக்கு 30 கிலோ. கல்லூரி நடக்கும் 250 நாளில் ஏழரை டன். ஒரு கிலோ அரிசி விளைய வயலில் சுமார் 2,500 லிட்டர் நீர் தேவை. முகையூர்ப் பக்கத்து விவசாயி போர் ஓட்டி இறைத்த நீரைத்தான் நாம் தட்டோடு கழுவி விடுகிறோம்.

இதைக் குறைக்கும் வழி பழையது, செலவில்லாதது. முதல் முறை கொஞ்சம், கேட்டால் இன்னும் கொஞ்சம் என்று பரிமாறுவது. எந்த நாள் எந்த உணவு அதிகம் மீந்தது என்று எழுதி, சமையல் மாஸ்டரோடு வாரம் ஒருமுறை பேசுவது. நேற்றைய மீதத்தின் எடையை மெஸ் வாசலில் பலகையில் எழுதி வைப்பது. விடுமுறைக்கு முதல் நாள் எத்தனை பேர் ஊருக்குப் போகிறார்கள் என்று காலையிலேயே சமையலறைக்குச் சொல்வது. இந்தக் கடைசி ஒன்றைச் செய்யாததால்தான் பல விடுதிகளில் அண்டா அண்டாவாக மீந்துபோகிறது.

எவ்வளவு குறைத்தாலும் காய்கறித் தோலும் கொஞ்சம் எச்சிலும் மிஞ்சும். அதைச் சாண எரிவாயுக் கலனில் போடலாம். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சிலிண்டர் வாயுவுக்கு ஈடாகும். சமையல் எரிபொருளைக் குறைக்க வெயிலும் ஒரு வழி. ஆரோவிலில் 1997இல் தொடங்கிய சூரியச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் அசையாது, அதன் நடுவே தொங்கும் கொதிகலன் மட்டும் வெயிலைத் தொடர்ந்து நகரும். அதில் எழும் நீராவி ஆயிரம் பேர் அளவுக்குச் சமைக்க உதவும் வகையில் அதை அமைத்தார்கள். மாணவர்களை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம்.

குப்பை: கலந்தால்தான் குப்பை

நம் வீடுகளில் எருக்குழி இருந்தது. சாணம், சாம்பல், வைக்கோல், தோட்டத்துச் சருகு எல்லாம் அதில் விழும், ஆண்டுக்கு ஒருமுறை வண்டி கட்டிக் கொல்லைக்கு அடிப்பார்கள். இன்று அதே குழியில் ஷாம்பு பாக்கெட்டும் பால் கவரும் விழுவதால் எரு வயலுக்கு ஆகாமல் போகிறது, மாடு கவரைத் தின்று சாகிறது. குழி இருக்கிறது, பிரிப்பது மட்டும்தான் நின்றுபோயிற்று.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரிக்கக் கூறின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான குப்பை. பேட்டரி, உடைந்த டியூப்லைட், காலாவதியான மாத்திரை, பூச்சிமருந்து டப்பா எல்லாம் மூன்றாவது. திறந்தவெளியில் எரிப்பதையும் அந்த விதிகள் தடை செய்தன. மாலையில் சருகோடு பிளாஸ்டிக்கைச் சேர்த்துக் கொளுத்தும் பழக்கத்தை வளாகத்திலும் தெருவிலும் நிறுத்தியாக வேண்டும். பி.வி.சி. கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் எனும் நஞ்சு கிளம்பும், அதை முதலில் சுவாசிப்பது கொளுத்தியவரும் பக்கத்து வீட்டுக் குழந்தையும்தான்.

மக்கும் குப்பையைக் கொட்டிக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. காற்றோடு மக்க வைத்தால் அந்தக் கேடு பெரிதும் குறைந்து உரம் கிடைக்கும். முறை இதுதான். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் அடுத்தடுத்து இரண்டு குழி. இடம் மேடாக, நிழலாக இருக்கட்டும். அடியில் ஒரு சாண் உயரம் தென்னை மட்டைத் துண்டும் சுள்ளியும் போட்டால் கீழிருந்து காற்று போகும். சமையலறைக் கழிவு ஒரு கூடை போட்டால் மேலே இரண்டு கூடை சருகு. பச்சைக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கரிமம் அதிகம், நுண்ணுயிர்களுக்கு இரண்டும் வேண்டும். ஒரு சட்டி சாணக் கரைசலைத் தெளித்தால் வேலை சீக்கிரம் தொடங்கும். வாரம் ஒருமுறை கிளறி, ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு துளி கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், ஒன்றுமே வராவிட்டால் நீர் தெளிக்க வேண்டும். நாற்றம் வந்தால் காற்று போகவில்லை என்று பொருள். முதல் குழி நிறைந்ததும் மூடிவிட்டு இரண்டாவதில் போடத் தொடங்கலாம். இரண்டு, மூன்று மாதத்தில் முதல் குழியில் மண்வாசனையோடு கறுப்பாக உரம் இருக்கும்.

மக்காத குப்பையில் முதல் வேலை, அது வளாகத்துக்குள் வராமல் தடுப்பது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. கல்லூரி கேன்டீனில் எவர்சில்வர் டம்ளரும் தட்டும், கருத்தரங்கில் பாட்டில் தண்ணீருக்குப் பதில் குடமும் சொம்பும் வைத்தாலே பெரும்பகுதி நின்றுவிடும். சுற்றுச்சூழல் கருத்தரங்குக்கே பிளாஸ்டிக் பேனர் அடிக்கும் வழக்கத்தைத் துணிப் பேனராக மாற்றலாம்.

நாப்கின் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பெரும்பாலான நாப்கின்களில் பிளாஸ்டிக் இருக்கிறது, அவை மக்காது. பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பு அடையாளம் இட்டுத் தனியாகப் போட வேண்டும். பெண்கள் விடுதிக் கழிப்பறை ஒவ்வொன்றிலும் அதற்கு மூடியுள்ள கூடை வைப்பது நிர்வாகத்தின் கடமை. ஆரோவிலில் 2010 முதல் இயங்கும் இகோஃபெம் என்ற அமைப்பு துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின்களைத் தயாரிக்கிறது, கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் பற்றிய வகுப்புகளையும் நடத்துகிறது. துவைக்கத் தண்ணீரும் வெயிலில் உலர்த்த மறைவான இடமும் இருந்தால்தான் அது சரிப்படும். எதைப் பயன்படுத்துவது என்பது அந்தப் பெண்ணின் முடிவு, வசதி செய்து தருவது மற்றவர்களின் பொறுப்பு.

பிரிக்காமல் போட்டால் யாரோ ஒருவர் பிரிக்கிறார். ஊராட்சியில் தூய்மைக் காவலர், கல்லூரியில் துப்புரவுப் பணியாளர். அழுகிய சோற்றுக்குள்ளும் உடைந்த கண்ணாடிக்குள்ளும் கையை விட்டு எடுப்பது அவர்கள்தான். குப்பையைப் பிரிப்பதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லையென்றாலும் இது ஒன்றே போதும்.

யார் எதைச் செய்வது?

பெரிய செலவெல்லாம் நிர்வாகத்தின் கையில். குழாய் இணைப்பு, விசிறி கொள்முதல், மாடித் தகடு, மெஸ் பரிமாறும் முறை, கேன்டீன் பாத்திரம், மழைநீர்க் குழி பராமரிப்பு ஆகியவற்றை முதல்வரும் வார்டனும் முடிவு செய்ய வேண்டும், பட்ஜெட்டில் தொகை ஒதுக்க வேண்டும். மாணவர்கள் கணக்கெடுக்கலாம், கேட்கலாம், தொடர்ந்து கேட்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமத்துக்குப் போகும்போது தெரு பெருக்குவதோடு நிற்காமல், அந்த ஊரில் அடைத்துக் கிடக்கும் மழைநீர்க் குழாய்களை எண்ணிச் சரிசெய்துவிட்டு வரலாம். கல்லூரிக்கு வர பஸ்ஸே நல்லது. 50 பேர் ஏறும் பஸ்ஸுக்கு ஆகும் டீசல், 50 பைக்குகளுக்கு ஆகும் பெட்ரோலைவிட மிகக் குறைவு. வகுப்பு நேரத்தை பஸ் நேரத்தோடு பொருத்தினால் பைக் வாங்கும் தேவையே பலருக்கு இருக்காது.

வீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குப்பை பிரிப்பது, உரக்குழி கிளறுவது, பாத்திர நீரைச் செடிக்கு ஊற்றுவது எல்லாம் ஏற்கெனவே வேலை நிறைந்த அம்மாவின் தலையில் இன்னொரு வேலையாக ஏறிவிடக் கூடாது. உரக்குழி அப்பாவுக்கு, மோட்டாரும் தொட்டியும் மகனுக்கு, மாடியும் மழைநீர்க் குழாயும் மகளுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டால்தான் அது நிலைக்கும். படித்த பிள்ளை வீட்டுக்கு வந்து யோசனை சொல்வதற்கு முன் ஒரு வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த மாதம் நான்கு கணக்கையும் எழுதத் தொடங்குங்கள். மிகப் பெரிதாக நிற்கும் ஒன்றை மட்டும் எடுத்து ஆறு மாதம் அதில் வேலை செய்யுங்கள். குறைந்ததா இல்லையா என்று தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். கல்லூரி என்றால் அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள், குறைந்திருந்தாலும் கூடியிருந்தாலும். ஒரு வளாகத்தில் மூன்றாண்டு இப்படிப் பழகிவிட்டு வெளியேறும் மாணவர், கண்டாச்சிபுரத்தில் வீடு கட்டும்போது மழைநீர்க் குழாயை எங்கே இறக்குவது என்று கொத்தனாரிடம் அவரே சொல்வார். சுற்றுச்சூழல் தாளில் தேர்ச்சி என்பதற்கு அதுதான் அளவுகோல்.